ஞாயிற்றுக்கிழமை அறுக்கக் கூடாது

அக்டோபர் 11, சனி

அப்பா இன்று சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டார். இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் அவராக எதையும் கேட்டதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

“ஏ உலகு, இந்த நாட்டுல மிஷின் ரம்பம் வாங்கணும்னா லைசென்சு வேணுமாட்டி?”

மிஷின் ரம்பம் என்றால் மரம் அறுக்கிற, பல் வைத்த சங்கிலி ஓடுகிற, சர்ரென்று சத்தம் போடுகிற அது. தெருக்கோடி வீட்டில் ஒருவர் அதை வைத்து விறகு துண்டு போடுவதை அப்பா நடைப்பயிற்சியின்போது நின்று பார்த்திருக்கிறார். எங்கள் வாடகை வீட்டிலும் விறகு அடுப்பு இருக்கிறது. சமைக்க அல்ல, குளிருக்கு. இந்த ஊர்க்காரர்கள் பலரும் பக்கத்துக் காட்டில் அனுமதி வாங்கித் தங்கள் விறகைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள் என்று அம்மாவின் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

“பாத்துச் சொல்லுதேன்பா” என்றேன்.

அம்மா சிரித்தார். “டிக்கெட்டு கிழிச்ச கைக்கு ரம்பம் கேக்குதோ?”

அப்பாவும் சிரித்தார். செங்கோட்டையில் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். அம்மாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும் சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அவர் “பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி!” என்று கூப்பிட்டால் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பழக்கடை வரைக்கும் கேட்கும். இங்கே ரொட்டிக் கடையில் அவர் பேசுவது கடைக்காரம்மாவுக்கே கேட்பதில்லை. “என்ன?” என்று இரண்டு தடவை கேட்பார். அப்புறம் நான் சொல்வேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நூலகத்தில் “மிஷின் ரம்பத்துக்கான சட்டங்கள் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்டேன். நூலகர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, “யாருக்கு?” என்றார். “என் அப்பாவுக்கு” என்றதும் நிம்மதியாகி மூன்று கையேடுகள் எடுத்துத் தந்தார். எனக்குப் பதின்மூன்று வயது, அதனால் பயந்திருக்கலாம்.

தெரிந்துகொண்டவை: வாங்க லைசென்ஸ் வேண்டாம். பதினெட்டு வயது முடிந்திருந்தால் யாரும் கடைக்குப் போய் வாங்கலாம். வெளிநாட்டவரும் வாங்கலாம். (இதற்குத் தனியாக எதுவும் எழுதவில்லை. தடை என்று எழுதவில்லை என்றால் தடை இல்லை என்றுதானே அர்த்தம்?) ஆனால் வைத்திருப்பது வேறு, பயன்படுத்துவது வேறு. காட்டில் விறகு வெட்டப் பயிற்சி எடுத்த சான்றிதழ் வேண்டும். கால்சட்டை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் அதற்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். அந்தக் கால்சட்டைக்குள் நீளநீளமான நூல்கள் இருக்குமாம். ரம்பம் தவறிக் காலில் பட்டால் நூல்கள் வெளியே வந்து சங்கிலியில் சுற்றி அதை நிறுத்திவிடுமாம். இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருக்கும்?

வீட்டுத் தோட்டத்தில் என்றால் இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாள்களிலும் நாள் முழுக்க ஓட்டக் கூடாது.

எல்லாவற்றையும் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கை வைத்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். “காலுக்கு நூலா!” என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இங்கே டிசம்பர் 31 தவிர வேறு நாளில் வெடி வெடிக்கக் கூடாது. அம்மாவுக்கு இரவு வேலை. அதிரசம் நன்றாக வரவில்லை.

நவம்பர் 8, சனி

வாங்கிவிட்டோம்!

கடையில் ஒரு சுவர் முழுக்க ரம்பங்கள். மின்கலத்தில் ஓடுவது, ஒயர் மாட்டி ஓட்டுவது, பெட்ரோலில் ஓடுவது. அப்பா பெட்ரோல் ரம்பம் ஒன்றைக் கையில் தூக்கி எடை பார்த்தார். விற்பனையாளர் வந்து ஏதோ கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். “எதற்கு வேண்டும், வீட்டுக்கா காட்டுக்கா என்று கேட்கிறார்” என்றேன்.

“ரெண்டுக்கும்னு சொல்லு.”

“நீங்களே சொல்லுங்கப்பா. ரெண்டே வார்த்தைதான்.”

அப்பா சொன்னார். விற்பனையாளர் காதை முன்னால் கொண்டுவந்து “என்ன?” என்றார். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. நானே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கையேட்டின் நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் படித்தேன். சங்கிலிக்குத் தனி எண்ணெய். மண்ணில் சிந்தினாலும் மக்கிப்போகிற வகையாக இருக்க வேண்டும். ரம்பத்தின் நுனியால் குத்தி அறுக்கக் கூடாது. அறுப்பவர் மேலேயே எகிறி வரும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி டிவி போடச் சொல்லவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்து, “பூசை போடாம அதுல கை வைக்கப்பிடாது, சொல்லிட்டேன்” என்றார்.

நவம்பர் 22, சனி

அம்மா செங்கோட்டைக்குப் போன் போட்டு மாமாவிடம் நேரம் கேட்டார். மாமா காலண்டரைப் பார்த்துச் சொன்னார்: நாளை வளர்பிறை முகூர்த்தம், காலை ஏழேமுக்காலில் இருந்து எட்டேமுக்கால் வரை நல்ல நேரம். அதற்குப் பிறகு அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் நேரம் எல்லாமே ஏதோ ஒரு ராகுகாலத்தில் வந்து முட்டுகின்றன.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைம்மா. ஓட்டக் கூடாது” என்றேன்.

“மரம் அறுக்கப் போறோமாக்கும்? ஒரு எலுமிச்சம்பழத்த அறுத்துப் பூசை போடப் போறோம்.”

“விதி மரத்தப் பத்தி இல்லம்மா. சத்தத்தப் பத்தி.”

“எலுமிச்சம்பழத்துக்கு என்னட்டி சத்தம் வரும்?” என்றார் அப்பா. “ஒரு இழுப்பு. ரெண்டு செகண்டு. ஆஃப்.”

இரண்டு செகண்டுக்கு விலக்கு உண்டா என்று தேடினேன். அப்படி எதுவும் இல்லை. ஆனால் அப்பா இத்தனை ஆசையாக ஒன்றைப் பேசி நாளாயிற்று. கையேட்டை மூடிவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா ஸ்வெட்டருக்குக் கீழே பட்டு வேட்டி கட்டியிருந்தார். தோட்டத்தில் மரக்கட்டை மேல் பழம் வைத்தாயிற்று. அம்மா ரம்பத்தின் ஆரஞ்சு மூடியில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். பெட்ரோல் மிஷின் பக்கத்தில் சூடம் காட்டலாமா என்று கையேட்டில் தேடத் தோன்றியது, தேடவில்லை. என்னை அடுப்படி ஜன்னலுக்கு உள்ளே நிற்கச் சொன்னார்கள்.

அப்பா கயிற்றை இழுத்தார். கிளம்பவில்லை. குளிரில் உடனே கிளம்பாது என்று கையேட்டில் இருக்கிறது. மறுபடி இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் இருமல் மாதிரி ஒரு சத்தம். எட்டரை ஆகும்போது அம்மா, “நேரம் போவுதுங்க” என்றார். அப்பா பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பழம் அறுபடவில்லை, காணாமல் போயிற்று. சுவரில், ஜன்னலில், அம்மாவின் கண்ணாடியில் எலுமிச்சைத் துளிகள். அப்பா ஆஃப் செய்தார். அந்த அமைதியில்தான் வேலிக்கு அந்தப் பக்கம் வெண்டல் நிற்பது தெரிந்தது.

வெண்டல் பக்கத்து வீட்டுக்காரர். எழுபது வயது இருக்கும். அவர் மனைவி எனக்கு நீலப்பழ கேக் தருவார், ஆகஸ்டில் இறந்துபோனார். வெண்டல் கறுப்புக் கோட்டு போட்டு, கையில் ஊசியிலைக் கிளைகளால் கட்டிய, கல்லறையில் வைக்கும் வளையம் வைத்திருந்தார். நான் வெளியே ஓடினேன்.

“என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புது மிஷினுக்குச் சின்னச் சடங்கு என்று சொன்னேன். அவர் குங்குமத்தைப் பார்த்தார். “இன்று இறந்தவர்களின் ஞாயிறு. நான் என் மனைவியிடம் போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருஷத்தில் எத்தனையோ ஞாயிறுகள் இருக்க, இந்த ஊர்க்காரர்கள் செத்தவர்களை நினைத்து மௌனமாக இருக்கும் ஒரே ஞாயிறு இதுதானாம். எங்கள் காலண்டரில் அது போட்டிருக்கவில்லை. அவர்கள் காலண்டரை நாங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்திருக்கலாம்.

அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வெண்டல் போன திசையைப் பார்த்து, எண்ணெய்க் கையோடு கும்பிட்டார். தெருவில் யாரும் இல்லை.

நவம்பர் 24, திங்கள்

ரம்பம் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. குங்குமத்தை யாரும் துடைக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

அருணாசலம் மாமா வீடியோவில் வந்தார். அப்பாவின் பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர் அவர். “என்னவே சுடலை, மாப்பிள்ளை மாதிரி வெளுத்துட்டீரு! பிப்ரவரியோட லீவு முடியுதாமே? மார்ச்சு ஒண்ணாந்தேதி டூட்டிக்கு வாரீரா, இல்ல அந்தப் புது ஆளு கூடவே நான் மல்லுக்கட்டணுமா? அவன் விசில் ஊதுதானா கொட்டாவி விடுதானான்னே தெரியல வே!”

அப்பா சிரித்தார். “பாப்போம்வே” என்றார்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போன் வைத்த பிறகும் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. இந்த ஊரில் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அம்மாதான் எப்போதும் சொல்வார்.

டிசம்பர் 19, வெள்ளி

அப்பா இன்று இன்னொரு கேள்வி கேட்டார். மிஷின் ரம்பத்தை விமானத்தில் கொண்டுபோகலாமா?

நல்ல கேள்வி. மூன்று விமான நிறுவனங்களின் விதிகளைப் படித்தேன். கையில் எடுத்துப்போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய பெட்டியில் போடலாம் என்றாலும் பெட்ரோல் ஒருமுறைகூட ஊற்றாததாக இருக்க வேண்டும். ஊற்றியிருந்தால், கழுவிக் காய வைத்தாலும் ஏற்க மாட்டார்கள். வாசனை இருந்தாலே போதும்.

“அப்ப அந்த எலுமிச்சம்பழத்துக்கு ஊத்துனது ஊத்துனதுதான்” என்றார் அப்பா. “இங்கனயே விட்டுட்டுப் போவணும்.”

யார் போக வேண்டும் என்று கேட்டேன். சும்மா பொது அறிவுக்குக் கேட்டதாகச் சொன்னார்.

அப்பாவின் நீலப் பெட்டி நிலவறையில் இருந்து மேலே வந்திருக்கிறது. ஈரம் பட்டிருக்கும், வெயிலில் வைக்கலாம் என்று எடுத்தாராம். டிசம்பரில் இங்கே வெயில் கிடையாது.

ஜனவரி 9, வெள்ளி

முழங்கால் வரை பனி. இதற்கும் விதி இருக்கிறது: வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையைக் காலை ஏழு மணிக்குள் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் நம் பொறுப்பு. நேற்று ராத்திரியே இதை அப்பாவிடம் சொன்னேன்.

காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் வாசல் சுத்தமாக இருந்தது. வெண்டல் வாசலும்.

“அது அவங்க பொறுப்புப்பா.”

“தள்ளுதப்ப எங்க நிப்பாட்டணும்னு தெரியலட்டி” என்றார்.

ஜனவரி 17, சனி

வீட்டில் சண்டை. அம்மா அப்பாவிடம் கேட்காமலேயே மிஷின் ரம்பப் பயிற்சிக்கு அவர் பெயரைப் பதிந்துவிட்டார். மாதக் கடைசியில் வெள்ளி மாலை பாடம், சனிக்கிழமை காட்டில் செய்முறை.

“எனக்குத் தெரியாம பேரு குடுத்துருக்க?”

“ஆமா, குடுத்தேன். போங்க.”

“அத்தன பேரு நடுவுல ஊமையன் மாதிரி போயி நிக்கவா?”

“சொரிமுத்தையன் கோயில் திருவிழாவுக்குப் போற பஸ்ல நூத்திருவது பேர ஒத்தக் குரல்ல அடக்குன ஆளுதான நீங்க?”

“அந்தக் குரலு செங்கோட்டையில கெடக்கு கனகு.”

“அப்ப இங்கன யாரக் கட்டிட்டு நான் குடும்பம் நடத்துதேன்?”

அப்பாவுக்கு நாலு நாளாகச் சளி, தொண்டை கட்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

நான் கூடவே போய் மொழிபெயர்க்கலாமா என்று பயிற்சி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பதில் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அப்பா தனியாகத்தான் போக வேண்டும்.

அட்டைகள் செய்கிறேன். ஒரு பக்கம் படம், மறுபக்கம் இந்த ஊர் வார்த்தை தமிழ் எழுத்தில். சங்கிலி. பிரேக். ஆப்பு. கிளை. விழும் திசை. ஒதுங்கும் பாதை. ‘அஹ்டுங்’ என்றால் கவனம். மரம் விழும் முன் கத்த வேண்டிய வார்த்தை. அப்பா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறார். ‘அஹ்டுங்’ மட்டும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல வருகிறது.

ஜனவரி 30, வெள்ளி

அப்பா இரவு ஒன்பதரைக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். பாதி புரிந்ததாம். பயிற்சி கொடுப்பவர் ஹார்ட்விக் என்ற அம்மா. அப்பா முழிப்பதைப் பார்த்தால் பலகையில் படம் போட்டுக் காட்டினாராம். எழுத்துத் தேர்வு படத்துக்கு நேரே குறி போடுவது. அதில் தேறிவிட்டார்! நாளைக்குச் செய்முறையிலும் தேறினால்தான் சான்றிதழ்.

“மத்தவங்கல்லாம் என்ன பேசுனாங்கப்பா?”

“நல்லாப் பேசுனாங்க. சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

நீலப் பெட்டி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கால் விரல் இடித்துக்கொண்டேன். காலியாக இருந்தால் அப்படி வலித்திருக்காது.

ஜனவரி 31, சனி

அப்பா புளிச்சோற்றை அடுப்படியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையிலேயே மறந்தார்; நான் ஒளித்து வைக்கவில்லை. (எடுத்து நினைவூட்டவும் இல்லை.) அம்மா வேலைக்குப் போனதும் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் காட்டுக்குப் போனேன்.

காட்டுப் பாதையில் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது. மரம் எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் அறுப்பவரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. விழுகிற மரம் இன்னொரு மரத்தையும் இழுத்துக்கொண்டு விழலாம் அல்லவா, அதற்காக. நாடாவுக்கு வெளியே ஒரு அடிமரத்தின் மேல் ஏறி நின்றேன். நன்றாகத் தெரிந்தது.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஹெல்மெட், ஒரே மாதிரி கால்சட்டை. அப்பாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் ஒருவர் ரம்பத்தைத் தூக்கும் முன்னால் கையுறையைக் கழற்றி, மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தினமும் முதல் டிரிப்புக்கு முன்னால் பஸ் படிக்கட்டைத் தொட்டுக் கும்பிடுவாரே, அதே மாதிரி.

அப்பா சுற்றிப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. ஹார்ட்விக் அம்மா காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து, “இன்னும் சத்தமாக!” என்றார். அது எனக்குக் கேட்டது. அப்பா மறுபடி சொன்னார். “இன்னும்!” யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சலிப்பாகத் தலையாட்டி, சரி, அறு என்று கை காட்டினார்.

ரம்பம் கிளம்பியது. முதல் இழுப்பிலேயே! விழ வேண்டிய பக்கத்தில் அப்பா வாய் மாதிரி ஒரு வெட்டுப் போட்டார். பின்பக்கத்துக்கு வந்து சங்கிலியை வைத்தார். அறுக்கத் தொடங்கியதும் ஹார்ட்விக் அம்மா செய்யக் கூடாததைச் செய்தார். எதையோ தேடுவது போலக் குனிந்தபடி, மரம் விழப்போகிற பக்கத்திலேயே நடந்து உள்ளே வந்தார்.

ரம்பச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஹோல்டேன்!”

காட்டில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அத்தனை பேரும் நின்ற இடத்தில் அப்படியே நின்றார்கள். ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன காபியோடு நின்றார். கண்டக்டர்கள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அந்த வார்த்தை அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் நிற்காதவர் ஒருவரும் இல்லை. நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ஹார்ட்விக் அம்மா நிமிர்ந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். வேண்டுமென்றேதான் உள்ளே வந்திருக்கிறார், அதுதான் சோதனையாம். காலையில் இருவர் அதைக் கவனிக்காமல் அறுத்துக்கொண்டே இருந்தார்களாம். அந்த அம்மா நாடாவுக்கு வெளியே போனதும் அப்பா நாலு பக்கமும் பார்த்தார். முன்னால், பின்னால், மறுபடி முன்னால்.

“அஹ்டுங்!” என்றார். அது ஆலங்குளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரம்பம் மறுபடி ஓடியது. மரம் அவர் சொன்ன பக்கத்தில் விழுந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, “எப்படிப்பா கவனிச்சீங்க? காதையும் மூடியிருந்தீங்களே” என்றேன்.

“படிக்கட்டுல காலு இருக்கான்னு பாக்காம நான் என்னைக்குட்டி ரைட்டு குடுத்துருக்கேன்?” என்றார். புளிச்சோற்றை நடந்துகொண்டே சாப்பிட்டார். நான் ஏன் வந்தேன் என்று கேட்கவே இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

சான்றிதழைக் காட்டி, வன அலுவலகத்தில் விறகுக்கு இடம் கேட்டு எழுதினோம். காட்டில் பறவைகள் கூடு கட்டும் காலம் வருவதால் இந்த மாதக் கடைசிக்குள் வெட்டி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே நான் கவனிக்காமல் விட்ட ஒரு விதியும் வந்திருக்கிறது: மிஷின் ரம்பத்தோடு காட்டில் தனியாக வேலை செய்யக் கூடாது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும், பெரியவராக.

அம்மாவுக்கு இந்த மாதம் சனிக்கிழமை எல்லாம் வேலை. என்னைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மிச்சம் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். அப்பாவும் யோசித்திருப்பார். இந்த நாட்டில் அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. இந்த விதி மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றுவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 6, வெள்ளி

அப்பா மூன்று வாக்கியம் இந்த ஊர்ப் பாஷையில் எழுதித் தரச் சொன்னார். ‘நான் காட்டில் விறகு வெட்டப் போகிறேன். தனியாகப் போகக் கூடாது. நீங்கள் வருவீர்களா?’ நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, “‘மன்னிச்சிருங்க’ங்கதுக்கு என்ன வார்த்தை?” என்றார். சொன்னேன்.

ஜன்னலில் இருந்து பார்த்தேன். அப்பா வெண்டல் வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது. அப்பா பேசினார். வெண்டல் “என்ன?” என்று கேட்கவில்லை. திரும்பி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அப்பா அங்கேயே நின்றார். போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று செருப்பை மாட்டினேன்.

கதவு மறுபடி திறந்தது. வெண்டல் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு பழைய ஹெல்மெட்டோடு நின்றார். மேலே ஒரே சிலந்தி வலை. அப்பா அதைத் துடைத்துவிட்டார்.

பிப்ரவரி 14, சனி

எனக்குக் காட்டில் வேலை எதுவும் கிடையாது. ஃபிளாஸ்க்கைக் காவல் காக்கலாம். வெண்டலின் டிராக்டரில் போனோம். அதற்குப் பின்னால் ஒரு வண்டி. எங்களுக்கு ஒதுக்கியது காற்றில் சாய்ந்த ஒரு புங்க மரம் அளவு பெரிய மரமும் அதைச் சுற்றிய சில்லறையும். (புங்க மரம் அல்ல. இங்கத்து மரம், இலை இல்லாததால் என்னால் சொல்ல முடியவில்லை. பட்டை யானைக்கால் மாதிரி வழவழப்பான சாம்பல் நிறம்.)

ஒரு ஆள் அறுத்தால் ஒரு ஆள் பார்க்கிறார். அப்பா தமிழில் பேசுகிறார், வெண்டல் அவர் பாஷையில் பேசுகிறார். “தாத்தா, அங்கன நிக்காதீரும், உருண்டு வரும்!” வெண்டல் உடனே நகர்ந்துவிட்டார். நான் மொழிபெயர்க்க எழுந்தேன், அதற்குள் முடிந்துவிட்டது.

மத்தியானம் வெண்டல் எங்கள் எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டார். இதில் உள்ள பழம்தானா அன்று அறுத்தது என்று கேட்டார். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம்தான் கேலி என்று புரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

பிப்ரவரி 21, சனி

மரம் முழுவதும் வந்துவிட்டது. பின்சுவரை ஒட்டி அடுக்குகிறார்கள். அடியில் காற்றுப் போக இடம் விட வேண்டும். மேலே மட்டும் மூட வேண்டும், பக்கங்களை மூடக் கூடாது.

“அடுப்புல எப்ப வைக்கலாம்னு கேளுட்டி.”

கேட்டேன். வெண்டல் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மாதமா என்றேன். இல்லை, இரண்டு வருஷம். நான் போய்ச் சரிபார்த்தேன். ஈர விறகை எரிப்பது சட்டப்படியே தப்பு. மரத்தில் எத்தனை சதவீதம் ஈரம் இருக்கலாம் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்பா கையில் இருந்த கட்டையைத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு வருஷமா?” என்றார். பிறகு அதை அடுக்கில் வைத்து, அசைகிறதா என்று தட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அடுப்பு பற்றவைக்கும் சுள்ளிகளை எங்கே வைப்பது என்று அம்மா கேட்டார். அப்பா நீலப் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தார். அம்மா அதைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. கைப்பிடி இருப்பதால் தூக்க வசதி என்றார் அப்பா. அம்மா அதற்கு ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதப்போவதில்லை. தூசியாக இருக்கலாம்.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் அருணாசலம் மாமா கூப்பிட்டார். அப்பா போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நான் அடுப்படி ஜன்னலைத் திறந்தேன், காற்றுக்காக.

“இன்னைக்கு டூட்டி வே! எங்க இருக்கீரு?”

“அடுக்கி வச்ச விறகு முன்னாடி நிக்கேன்வே. இது காய ரெண்டு வருஷம் ஆவும். பாதியில போட்டுட்டு வர முடியுமா?”

“விறகக் காய வைக்கவாய்யா விமானம் ஏறிப் போனீரு?”

“ஆமவே! அந்தப் புதுப் பயகிட்ட சொல்லும், படிக்கட்டப் பாத்துட்டு ரைட்டு குடுக்கணும்னு!”

அப்பா இதையெல்லாம் செங்கோட்டைக் குரலில் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வெண்டல் வீட்டு ஜன்னலில் திரை விலகியது. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சத்த விதியை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூடாதவை எல்லாம் வரிசையாக இருக்கின்றன: மிஷின் ரம்பம், புல் வெட்டும் மிஷின், இலை ஊதும் மிஷின், கான்கிரீட் கலவை மிஷின், இன்னும் என்னென்னவோ.

மனிதக் குரல் அதில் இல்லை. இரண்டாம் முறையும் முதலில் இருந்து பார்த்துவிட்டேன். இல்லை.

அப்பா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.